அவள் வெளியே என்றால் வெளியே

படுக்கை விரிப்பை மடிப்பதில் சண்டை வரும் என்று அவளோடு வேலை செய்யும் வரை எனக்குத் தெரியாது. ஹோட்டல் விரிப்பு ஒன்றை இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் சந்தித்து, மூலையோடு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். நான் ஏறக்குறையச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவேன். அவள் விடமாட்டாள். ஒரு நூல் அகலம் விலகியிருந்தாலும் உதறிப் பிரித்து, என் பக்கத்து மூலைகளை மறுபடியும் என் கையில் தந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்பாள்.

"ஆர் அக்கா இதை அளந்து பாக்கப் போகினம்? ஒருக்காப் படுத்தெழும்பினால் கசங்கிப்போம்" என்பேன்.

"கசங்கட்டும். அது படுக்கிறவையின்ரை வேலை" என்பாள்.

இது எண்பதுகளின் நடுவில், பாரிசின் லா சப்பலில். லூயி-பிளாங் தெருவில் இன்றைக்கு இருக்கிற அளவு தமிழ்க் கடைகள் அப்போது இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஹோட்டல் துணி வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்று இருந்தது. அதில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாங்கள் நாலைந்து பேர், போர்த்துக்கல் பெண்கள் சிலர், பிறகு அவள். ஒரே ஒரு சீனாக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டை மயிர், நீளமான கைகள், எதற்கும் அவசரப்படாத நடை. நாங்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டோம். அவளும் எங்களை அக்கா என்றாள். கொஞ்ச நாளில் மேற்பார்வை பார்க்கும் போர்த்துக்கல் அம்மாவையும் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள், நாங்கள் திருத்தவில்லை.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சுதான். அவள் உடைத்த இடம் வேறு, நான் உடைத்த இடம் வேறு. ஆனாலும் விளங்கிக்கொண்டோம். அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் தங்கியிருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் எழுதினால், கேட்காமல் எடுத்த புள்ளி என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவாள்.

அவளுடைய குணத்தை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, அந்தப் போர்த்துக்கல் அம்மாதான். ஒருநாள் மாலை, நாங்கள் முடித்த தள்ளுவண்டிகளை எழுதும்போது எங்கள் இருவர் கணக்கில் ஒரு வண்டி கூடுதலாக எழுதிவிட்டார். எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவள் போய், "ஒண்டு குறையுங்கோ" என்றாள். வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அடுத்த வாரம் அந்த அம்மா ஒரு வண்டி குறைத்து எழுதினார். இவள் அதே முகத்தோடு, அதே குரலில் போய், "ஒண்டு கூட்டுங்கோ" என்றாள். தராவிட்டால் போகமாட்டேன் என்று நின்றாள். அன்றைக்குத்தான் இவள் நல்லவள் என்பதை விட வேறு ஏதோ ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றியது. நல்லவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். இவள் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

டென்னிஸ் ஒரு தலையணை உறைக்குள் இருந்துதான் வெளியே வந்தது. எந்த ஹோட்டல் விருந்தாளியோ மறந்துவிட்ட பந்து ஒன்று அழுக்குத் துணியோடு வந்து, தரையில் குதித்து உருண்டது. அவள் அதைக் குனிந்து எடுத்தாள். மடிப்பை அழுத்த வைத்திருக்கும் மரப்பலகையைக் கையில் எடுத்தாள். சுவரைப் பார்த்து ஒரு தட்டு. பந்து திரும்பி வந்தது. இன்னொரு தட்டு. சுவரில் ஈரம் பட்ட ஒரு கறை இருந்தது, உள்ளங்கை அளவு. ஒவ்வொரு தடவையும் பந்து அந்தக் கறையில் போய்ப் பட்டது. இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். போர்த்துக்கல் அம்மா கூட வேலை வேலை என்று கத்த மறந்துவிட்டார். இருநூறுக்கு மேல் எண்ணினேன். பிறகு அவளாகவே பந்தைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மிச்ச விரிப்பு எங்கை?" என்று கேட்டாள்.

மத்தியானம் பாணுக்குள் வைத்த இடிச்ச சம்பலை அவளோடு பங்கு போட்டுக்கொண்டு கேட்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டென்னிஸ் பணக்காரரின் விளையாட்டு என்று சொல்லி, அவளுடைய நகரத்து மைதானத்தைக் கொத்திக் கோவாத் தோட்டம் ஆக்கிவிட்டார்களாம். இவள் பலகையை எடுத்துக்கொண்டு களஞ்சியச் சுவரில் அடித்தாளாம். பல வருடம் கழித்து மைதானங்கள் திரும்ப வந்தபோது, நாட்டில் பந்து அடிக்கத் தெரிந்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மாகாணத்துக்கு விளையாடினாள், பிறகு நாட்டுக்கு. வெளிநாட்டுப் போட்டிக்கு முதன்முதலில் அனுப்பிய பெண்களில் அவளும் ஒருத்தி. அப்படி ஐரோப்பாவுக்கு வந்த ஒரு பயணத்தில் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று கேட்டதற்கு முட்டையை உரித்து, பாதியை எனக்குத் தந்தாள்.

உண்மையைச் சொன்னால் நான் பாதிதான் நம்பினேன். பாரிசுக்கு வந்த நாங்கள் எல்லாரும் ஊரில் ஏதோ ஒன்றாக இருந்தவர்கள்தானே. கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கதிரை போட்டு இருந்தவர். இப்போது யார் அதைக் கேட்கிறார்கள்?

அந்த வருடம் அவளுக்குக் கழுத்துக்கு மேல் வெள்ளம் வந்தது. அவளிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தருகிற தற்காலிகத் துண்டு, நாங்கள் ரெசெப்பிசே என்று சொல்கிற காகிதம். ஒழுங்கான வேலை ஒப்பந்தம் ஒன்று கொண்டுவராவிட்டால் ஆடி மாதம், அதாவது ஜூலை, பிறந்ததோடு சரி, இனி நீட்டமாட்டோம் என்று பிரிபெக்சர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சலவைக்கூட முதலாளியிடம் ஒப்பந்தம் கேட்டால் சிரிப்பார். திருப்பி அனுப்பினால் அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கு அப்போது காகிதம் எழுதித் தருகிறவர் ஒரு பாண்டிச்சேரி அம்மா. மெரியில், நகரசபை அலுவலகத்தில், வேலை பார்த்தவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். நாங்கள் மதாம் என்போம். அவர்தான் அந்த வட்டாரத்து டென்னிஸ் கிளப்பில் பெண்களைப் பயிற்றுவிக்க ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்துவந்து, எங்கள் இருவரையும் கிளப் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் வெள்ளை மீசை வைத்த, மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டார். அத்தாட்சி இருக்கிறதா என்றார். இல்லை. விட்டுவிட்டு வந்தவளின் பெயரை அவளுடைய நாடு எந்தப் பட்டியலில் வைத்திருக்கும்?

"பாரிசுக்கு வருகிற ஒவ்வொருவரும் தங்கள் நாட்டில் சாம்பியன்தான், மதாம்" என்றார் அவர். "ஜூனில் எங்கள் கிளப்பின் திறந்த போட்டி நடக்கிறது. பெண்கள் கிண்ணத்தை வெல்லட்டும். அன்றைக்கே ஒப்பந்தம் எழுதுகிறேன்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அந்த மீசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் என்னைத் தடுத்தாள்.

"அவர் சொல்லுறது சரிதானே. நான் விளையாடினதை அவர் பாக்கேல்லை."

பிரான்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. தரம் எழுதப்படாத ஆட்டக்காரர் அடிமட்டத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் வெல்ல வெல்ல, ஒரு படி மேலே இருக்கிறவர் எதிரில் வருவார். சாம்பியன்கள் மேல் படியில் காத்துக்கொண்டிருப்பார்கள். இவளுக்கு ஏழு ஆட்டம். மதாமின் மகனுடைய பழைய மட்டை. மடிப்புப் பலகையைப் பிடித்த அதே கை.

முதல் ஆட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர் போனோம், தேத்தண்ணிப் போத்தலும் மீன் ரோல்சும் கொண்டு. எங்களில் ஒருத்திக்கும் டென்னிஸ் தெரியாது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணுகிறார்கள். நாற்பத்தைந்துக்கு என்ன ஆனது என்று மதாமிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்காதம்மா, எண்ணிக்கிட்டே வா" என்றார். எதிர்ப்பக்கத்துப் பெண் தொடக்க அடியை இரண்டு தடவையும் வலையில் அடித்துப் புள்ளியை இழந்தாள். எங்களுக்குக் கொண்டாட்டம். எழுந்து நின்று கை தட்டினோம். இவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அவள் பிழை விட்டதுக்குக் கை தட்டாதேங்கோ. நான் அடிச்சதுக்குத் தட்டுங்கோ."

அதற்குப் பிறகு எப்போது தட்டுவது என்று தெரியாமல், எதிரி நல்லாக அடித்தாலும் தட்டினோம். அந்தப் பெண் போகும்போது எங்களிடம் ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போனாள்.

அந்தப் போட்டியில் நடுவர் கிடையாது. உன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நீதான் சொல்ல வேண்டும். தரை செம்மண். பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கள்ளனிடமே சாவியைக் கொடுக்கிற வேலை. ஆனால் அவள் ஒவ்வொரு சந்தேகப் பந்துக்கும் நடந்துபோய்க் குனிந்து பார்த்தாள். தடம் தெளிவில்லை என்றால் உள்ளே என்று கை காட்டினாள்.

"ஏன் அக்கா சும்மா குடுக்கிறியள்?"

"சும்மா இல்லை. எனக்குத் தெரியாட்டில் அது உள்ளே. அது இரக்கம் இல்லை, சட்டம்."

அப்படிக் கொடுத்துக்கொண்டே ஐந்து ஆட்டம் வென்றாள். சலவைக்கூடத்தில் காலையில் வந்ததும் எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பார்கள். போர்த்துக்கல் அம்மா ஆட்ட நாட்களில் அவளை ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டார். என் வீட்டுக்காரர் என் சப்பாத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து, "என்ன, தோட்டங் கொத்தப் போட்டு வாறியோ?" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு அவரும் வந்தார்.

ஆறாவது ஆட்டம், அரையிறுதி. அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

எதிரில் ஒரு மாணவி. நல்ல பிள்ளை. முதல் செட்டை அக்கா எடுத்துவிட்டாள். இரண்டாவது செட் இழுபறி. ஒரு நீண்ட அடி அக்காவுக்குப் பின்னால் மூலையில் விழுந்தது. அவள் ஓடிச் சறுக்கி விழுந்துவிட்டாள், பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை, மூலைக்குப் பக்கத்து வாங்கில் இருந்த என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள். "மதாம், நீங்கள் பார்த்தீர்களா?"

பார்த்தேன். பந்து கோட்டில் பட்டது. வெள்ளையில் செம்மண் பறந்ததை என் கண்ணால் கண்டேன். ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. அந்தக் காகிதத் துண்டு நினைவுக்கு வந்தது.

"வெளியில்" என்றேன். கையாலும் காட்டினேன்.

அந்தப் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். அக்கா எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு மூலைக்கு வந்தாள். குனிந்தாள். தடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது.

"உள்ளே" என்றாள். என்னிடம் அல்ல, எதிராளியிடம்.

அந்தப் புள்ளியோடு செட் போனது. மூன்றாவது செட்டில் அவள் கால் நொண்டியது. சூரியன் இறங்கும்வரை ஆடி, கடைசியில் வென்றாள். நான் ஓடிப்போய்த் தோளில் துவாய் போட்டேன். அவள் அதை எடுத்து வாங்கில் வைத்துவிட்டு மதாமோடு போய்விட்டாள்.

ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. விரிப்பு மடித்தோம். மூலையோடு மூலை சேர்த்தோம். அந்த ஐந்து நாளும் நான் மடித்ததைப் போல என் வாழ்க்கையில் மடித்ததில்லை, ஒரு நூல் விலகவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் கூடக் காட்டிக்கொள்ளவில்லை. வாயைக் கட்ட முடியாதவள் நான், வெடித்துவிடும் போல இருந்தது. வியாழக்கிழமை விரிப்பின் மறுபக்கத்தில் இருந்து சொன்னேன்.

"பிழைதான் அக்கா. ஆனா உங்களுக்காகத்தானே சொன்னனான். உங்களிலை இருக்கிற அன்பிலை."

அவள் விரிப்பை இறக்கினாள்.

"என்னையும் ஒருக்கா அன்பிலைதான் தோக்கச் சொன்னவை" என்றாள்.

நான் ஏன் நின்றாய் என்று கேட்டதற்கான பதில் அப்போதுதான் வந்தது. அவளுடைய நாட்டில் ஒரு பெரிய இறுதி ஆட்டம். எதிரில் அவளுடைய குழுவையே சேர்ந்த இன்னொரு பெண். இவள் வெல்ல நாலு புள்ளிதான் பாக்கி. இடைவேளையில் குழுப் பொறுப்பாளர் வந்து, மற்றவள் வென்றால் நாட்டுக்கு நல்லது என்று காதுக்குள் சொல்லியிருக்கிறார்.

"பந்தை வெளியிலை அடிச்சன். ஒருக்கா இல்லை, எட்டுத்தரம். சனம் கை தட்டினது. அவைக்கு நாட்டிலை அன்பு, உனக்கு என்னிலை அன்பு." விரிப்பின் மூலையை மறுபடியும் எடுத்தாள். "நான் இஞ்சை நிண்டதே அதுக்காகத்தான். இனி என்ரை பந்து விழுந்த இடத்திலைதான் விழவேணும். வெண்டாலும் சரி, தோத்தாலும் சரி."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. விரிப்பால் முகத்தைத் துடைக்கப் போனேன். "அது வெளுத்தது, வேண்டாம்" என்று தன் கைக்குட்டையைத் தந்தாள். அப்படித்தான் சமாதானமானோம்.

முடிவை முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும் என்பார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை, சொல்லிவிடுகிறேன். அவள் வென்றாள். ஒப்பந்தம் வந்தது, வதிவிடக் கார்ட் வந்தது. பல வருடம் அந்தக் கிளப்பில் பயிற்சி கொடுத்தாள். முதலில் சலவைக்கூடத்துப் பெண்களைத்தான் இழுத்துக்கொண்டு போனாள். முப்பது வயதில் நானும் மட்டை பிடித்தேன், பிடித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறகு பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருந்தும் கூசேன்வில்லில் இருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் ரயில் ஏறி வந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்து மைதானங்களில் ஒரு பெண் தன் பக்கத்துத் தடத்தைக் குனிந்து பார்த்து, யாரும் கேட்காமலே புள்ளியை எதிராளிக்குக் கொடுத்தால், அவள் யாரிடம் பழகியவள் என்று எனக்குத் தெரியும். பல காலம் கழித்து அவளுடைய நாட்டுப் பெண்கள் பெரிய பெரிய போட்டிகளில் வெல்லத் தொடங்கினார்கள். தொலைபேசி எடுத்து, சந்தோசமா என்று கேட்டேன். "ஓம். அவையை ஆரும் தோக்கச் சொல்லேல்லை" என்றாள். அவள் குரல் அப்படி மலர்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆனால் அவள் வென்ற விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். லா சப்பலில் பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று சொன்னால் மிகை, ஆனால் வாங்குகளில் இடம் இல்லை. நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். எதிரில் நாலு வருடமாகக் கிண்ணத்தை யாருக்கும் விடாத உடற்பயிற்சி ஆசிரியை. உயரமான பெண், அடி ஒவ்வொன்றும் இடி. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிராளி வெளியே என்று சொன்னால் நம்பமாட்டாள். வலையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, தடத்தைத் தானே பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வாள். அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் அது தெரியும்.

முதல் செட்டில் மூன்று தடவை வந்து பார்த்தாள். மூன்று தடவையும் அக்கா விரலால் காட்டிய இடத்தில், சொன்னபடியே தடம் இருந்தது. ஆசிரியை திரும்பிப் போனாள். செட்டை அவள்தான் எடுத்தாள். மதாம் கைப்பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செட்டில் ஒரு பந்து. அடித்த ஆசிரியையே வெளியே போய்விட்டது என்று நினைத்துத் திரும்பி நடந்துவிட்டாள். அக்கா குனிந்து பார்த்தாள். "உங்கடை பந்து. உள்ளே" என்று கூப்பிட்டுச் சொன்னாள். ஆசிரியை நின்று திரும்பினாள். அடுத்த சந்தேகப் பந்துக்கு வலை வரைக்கும் வந்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாள்.

அக்கா அந்த செட்டை எடுத்தாள். மூன்றாவதில் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று போனது. அவள் ஓடவில்லை, பந்து வருகிற இடத்தில் ஏற்கனவே நின்றாள். சுவரில் இருந்த அந்தக் கறை எனக்கு அப்போது விளங்கியது. மைதானம் முழுக்க அவளுக்கு அப்படி உள்ளங்கை அளவு இடங்கள் இருந்தன.

வெற்றிக்கு ஒரு புள்ளி. நீண்ட ஆட்டம். இருபது தடவை போய் வந்திருக்கும். ஆசிரியை முழுப் பலத்தோடு பக்கக் கோட்டை ஒட்டி ஒரு அடி அடித்தாள். பந்து விழுந்தது. செம்மண் புகைந்தது. அக்கா அதைத் தொடவில்லை.

அவள் நடந்து போனாள். குனிந்தாள். தெளிவில்லாவிட்டால் கொடுத்துவிடுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆடி மாதம் பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. கொடுத்துவிடாதே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். தலைவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

அவள் நிமிர்ந்து ஒரு விரலை உயர்த்தினாள்.

"வெளியே."

ஆசிரியை வலைக்கு வந்தாள். அவள் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வரப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலைக்கு மேலால் கையை நீட்டினாள்.

எங்கள் பக்கம் வெடித்தது. மதாம் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார். தலைவர் மைதானத்துக்குள் இறங்கி, ஒப்பந்தம் நாளைக்குக் காலையில் தயாராக இருக்கும் என்று மீசை துடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் அந்தத் தடத்தைப் பார்க்கப் போனது நான் ஒருத்திதான். நம்பாமல் அல்ல. ஆசை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செம்மண்ணில் முழங்கால் போட்டேன். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் விரல் வைத்தேன். இரண்டு விரல் இடைவெளி. வெளியே, சுத்தமாக வெளியே.

நிமிர்ந்தால் அவள் தலைக்கு மேலே நிற்கிறாள், வேர்த்துக்கொட்டுகிறது, சிரிக்கிறாள்.

"பாத்தனியோ? எங்கை விழுந்தது?"

"வெளியிலை அக்கா" என்றேன்.

"இப்ப சத்தமாச் சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன். கிளப் முழுவதும் கேட்டது.